சி.ஆர். 1009 சப்1 நெல் எத்தனை நாள் தண்ணீர் தாங்கும்?

தலைஞாயிறு சம்பா:
எங்கள் வயல் பள்ளக்கால். ஐப்பசி கடைசியில் மழை பிடித்தால் வடிகால் எதிர்த்துக்கொள்ளும். போன வருடம் தூர் கட்டும் நேரத்தில் முழுக்க மூழ்கிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் தூரைப் பிடித்தேன், அழுகிய தாள் கையோடு வந்தது. இந்த முறை சப்1 போட ஆசை. விதைக் கடைக்காரர் ஒரு மாதம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது என்கிறார். அண்ணனோ மரபணு மாற்றிய விதை, வேண்டாம் என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருத்துறைப்பூண்டி வயல்:
நான் போடுகிறேன். வடிந்ததும் பார்க்க மஞ்சளாக, செத்ததுபோல்தான் இருக்கும். அவசரப்பட்டு உழுதுவிடாதீர்கள். நடுக்குருத்து பச்சையாக இருந்தால் பிழைத்துவிடும்.

நெல் ஆராய்ச்சி மாணவி:
ஒரு மாதக் கணக்கை நம்பாதீர்கள் ஐயா. முழுக்க மூழ்கினால் இரண்டு வாரம், அவ்வளவுதான். தண்ணீர் கலங்கலாக இருந்தால் அதுவும் குறையும்.

சாதாரண நெல் மூழ்கியதும் மூச்சுக்காக விறுவிறுவென்று நீளும். சேர்த்த மாவுச்சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்து, வடியும்போது சாய்ந்து அழுகிவிடும். சப்1 நெல்லில் உள்ள சப்1ஏ மரபணு அந்த நீட்சியை அடக்கி, சத்தை மிச்சம் பிடிக்கிறது. வடிந்த பிறகு அந்த மிச்சத்தில்தான் புதுக் குருத்து வருகிறது.

இந்தக் குணம் ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய நெல்லுடையது. மரபணுவை 2006-இல் அடையாளம் கண்டார்கள். அதை சி.ஆர். 1009 என்ற நெல்லுக்குள் கொண்டுவந்தது ஒட்டுச்சேர்க்கைதான்: நெல்லோடு நெல் சேர்த்து, திரும்பத் திரும்ப 1009-உடனே கலந்து, எந்த நாற்றில் சப்1 இருக்கிறது என்று டி.என்.ஏ. அடையாளம் பார்த்துப் பொறுக்கினார்கள். மரபணு மாற்றுப் பயிர் இல்லை என்று அண்ணனிடம் தைரியமாகச் சொல்லுங்கள். கலப்பில்லாமல் பார்த்துக்கொண்டால் சொந்த விதையும் எடுக்கலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். இது தூர் கட்டும் பருவத்து வெள்ளத்துக்கு. முளைக்கும்போதோ பூக்கும்போதோ மூழ்கினால் காப்பாற்றாது. முழங்கால் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கும் வயலுக்கும் இது மருந்தில்லை, ஏனென்றால் அங்கே பயிர் நீண்டுதான் ஆகவேண்டும்.

தலைஞாயிறு சம்பா:
ரொம்ப நன்றி அம்மா. எங்களுக்குத் தேங்குவதில்லை, மூழ்கி வடிகிறதுதான். வடிந்ததும் உடனே யூரியா போடலாமா?

நெல் ஆராய்ச்சி மாணவி:
தண்ணீர் நிற்கும்போது வேண்டாம், வீணாகும். நன்றாக வடித்துவிட்டு, புதுக் குருத்து கண்ணில் பட்டதும் போடுங்கள். யூரியாவோடு ஜிப்சமும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து, மறுநாள் பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். மூழ்கிய பயிர் கதிர் வரத் தாமதமாகும். 1009 ஏற்கெனவே நீண்ட வயது நெல், அதனால் நாற்றங்காலைப் பின்னுக்குத் தள்ளாதீர்கள்.

திருத்துறைப்பூண்டி வயல்:
வடிகாலை இப்போதே வெட்டிவிடுங்கள். மழை வந்தபின் ஆள் கிடைக்காது.