‘ச்சாவ்’ என்றால் என்ன? குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

பெரியப்பா: மலர், நீ அனுப்பும் குரல் பதிவுகளை எல்லாம் ‘சாவ், சாவ்’ என்றே முடிக்கிறாயே, அம்மா. பெரியம்மாவின் காதில் அது வேறு பொருளில் விழுகிறது. கொஞ்சம் விளக்கிச் சொல்.

மலர் (பதுவா, இத்தாலி): மன்னியுங்கள், பெரியப்பா. அது ‘ச்சாவ்’, இத்தாலியர்கள் பழகியவர்களைச் சந்திக்கும்போதும் விடைபெறும்போதும் சொல்வது. இங்கிருந்து ரயிலில் அரை மணி நேரத் தொலைவில் உள்ள வெனிஸில் பிறந்த சொல். பழைய நாளில் அங்கே ‘ஸ்ச்சாவோ வோஸ்த்ரோ’, அதாவது ‘நான் உங்கள் அடிமை’ என்று வணங்கினார்கள். நாளடைவில் ‘உங்கள்’ உதிர்ந்து, நடுவில் இருந்த வகரம் தேய்ந்து, முதலில் நின்ற ‘ஸ்’ ஒலியும் போய், இந்த ஓரசைதான் மிஞ்சியது.

பெரியம்மா: வைணவப் பெரியவர்கள் ‘அடியேன்’ என்பார்களே, அதைப் போன்றதா?

மலர் (பதுவா): பணிவில் இரண்டும் ஒன்றுதான், பெரியம்மா. ஆனால் இந்தச் சொல்லின் வேர் கொடியது. ‘ஸ்க்லாவுஸ்’ என்ற இடைக்கால லத்தீன் சொல் முதலில் கிழக்கு ஐரோப்பாவின் ஸ்லாவ் இனத்தவரை மட்டுமே குறித்தது. அவர்களில் ஏராளமானோர் பிடிக்கப்பட்டு அடிமைகளாக விற்கப்பட்டதால் இனத்தின் பெயரே அடிமைக்குப் பெயராயிற்று. அந்த வணிகத்தில் வெனிஸ் வணிகர்களுக்கும் பங்கு உண்டு. ஆங்கிலத்தின் ‘ஸ்லேவ்’ என்பதும் இதே வேரிலிருந்து வந்ததே. வெனிஸின் புகழ்பெற்ற நீர்க்கரைக்கு ‘ரீவா தெலி ஸ்கியவோனி’ என்று பெயர். அது அடிமைகளைக் குறிப்பதன்று, கடலுக்கு எதிர்ப்புறம் இன்றைய குரோவேஷியாவில் உள்ள தல்மாசியக் கரையிலிருந்து வந்த ஸ்லாவ் வணிகர்களைக் குறிப்பது.

கண்ணன் (மியூனிக்): இங்கே பவேரியாவில் ‘செர்வுஸ்’ என்கிறோம். அதுவும் லத்தீனில் அடிமை என்றே பொருள்படும். வரும்போதும் போகும்போதும் அதையே சொல்கிறோம்.

மலர் (பதுவா): ஆமாம், அண்ணா. இத்தாலியர்கள் பெருமளவில் குடியேறிய அர்ஜென்டினாவிலோ ‘ச்சாவ்’ விடைபெறுவதற்கு மட்டுமே உரியதாகிவிட்டது.

பெரியப்பா: உன் பேராசிரியரிடமும் இப்படித்தான் விடைபெறுகிறாயா?

மலர் (பதுவா): கூடவே கூடாது, பெரியப்பா. ‘உங்கள் அடிமை’ என்று பணிந்த அதே சொல்லை இன்று மூத்தவரிடமோ அறிமுகம் இல்லாதவரிடமோ சொன்னால் மரியாதைக் குறைவு என்பதுதான் வேடிக்கை. பேராசிரியரிடம் ‘அரிவெதெர்லா’, அதாவது ‘தங்களை மீண்டும் காணும்வரை’ என்பேன். கடைக்காரரிடம் ‘அரிவெதெர்ச்சி’ போதும். ‘கடவுளிடம்’ என்று பொருள்படும் ‘அதீயோ’ என்பதும் உண்டு. இனிச் சந்திப்பே இல்லை என்ற பிரிவுக்கே அதைப் பெரும்பாலும் சொல்வார்கள்.

பெரியம்மா: அந்தக் கடைசிச் சொல்லை நீ கற்றுக்கொள்ளவே வேண்டாம், கண்ணே.