மறு: ட்ரான்ஸ்பர் கேஸ் – பகிர்பெட்டியா, இருசிணைப்பியா?

குழுவினருக்கு வணக்கம். நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியில் என்ஜின் விசையை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் கொண்டுபோகும் பெட்டிதான் ட்ரான்ஸ்பர் கேஸ். நம் கையேட்டில் அதற்கு என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்ற பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> கல்லணை காவிரி நீரைப் பிரித்து விடுவதைப் போல, இந்தப் பெட்டி என்ஜின் விசையை முன்னும் பின்னும் பகிர்கிறது. ஆகவே ‘பகிர்பெட்டி’ என்கிறேன்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஜோங்கா ஜீப்பின் அடியில் படுத்துப் பார்த்தவனால் ஒப்ப முடியவில்லை. கல்லணையில் வெண்ணாற்றுக்கு இவ்வளவு, கல்லணைக் கால்வாய்க்கு இவ்வளவு என்று மதகை ஏற்றி இறக்கி அளந்து விடலாம். ஜபல்பூரில் நிசான் பேட்ரோலைத் தழுவிச் செய்த இந்த ராணுவ வண்டியில் அந்த வசதி ஏது? முன்சக்கரங்களையும் சேர்க்கும் லீவரைப் போடாதவரை விசை முழுவதும் பின்சக்கரங்களுக்கு. போட்டால் சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் முன்தண்டும் பின்தண்டும் ஒரே வேகத்தில் சுழலும்படி பிணைந்துகொள்கின்றன.

ஓட்டுபவர் மறக்கக்கூடாதது இந்தப் பிணைப்பைத்தான். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டமிடுவதால் கூடுதலாகச் சுழல வேண்டும், பெட்டி விடாது. ஐப்பசி மழையில் மன்னார்குடிப் பக்கத்து வயல் பாதையில் இது தெரியாது, சேற்றில் டயர் வழுக்கி முறுக்கைத் தீர்த்துவிடும். லீவரை எடுக்காமல் தார்ச்சாலையில் ஏறித் திரும்பினால் முறுக்கு தண்டுகளில் சேர்கிறது. ஸ்டியரிங் கனக்கிறது, லீவர் வெளியே வர மறுக்கிறது. வண்டியைச் சற்றுப் பின்னால் நகர்த்தினால்தான் இளகும். ‘பகிர்’ என்று படித்துப் பழகியவர் இதை எப்படி ஊகிப்பார்?

என் பரிந்துரை ‘இருசிணைப்பி’. ஆக்ஸிலை ‘அச்சு’ என்றால் அச்சகமும் கணித அச்சும் குறுக்கே வந்து நிற்கின்றன; மாட்டுவண்டிக்காரரின் ‘இருசு’ இருக்க நமக்கு என்ன குறை? முன்னிருசு, பின்னிருசு, இரண்டையும் இணைப்பது இருசிணைப்பி. ‘இருசுப்பூட்டு’ வேண்டாம். ஒரே இருசின் இடவல சக்கரங்களைப் பூட்டும் டிபரென்ஷியல் லாக்குக்குப் ‘பூட்டு’ தேவைப்படும். ‘மாற்றுப்பெட்டி’ கியர்பாக்ஸோடு குழம்பும்.

இந்தப் பெட்டியின் ஹை, லோ கியர் நிலைகள் இரண்டுக்கும் ‘ஓட்டநிலை’, ‘இழுநிலை’. வில்லிஸ் எம்பி ஜீப்பில் லோ போட்டால் 1.97 மடங்கு குறைப்பு: வேகம் ஏறத்தாழப் பாதி, இழுவை ஏறத்தாழ இரட்டிப்பு.

---

ஐயா, இருசுக்கு என் வாக்கும் உண்டு. ‘இணைப்பி’தான் இடிக்கிறது. வயரிங் அத்தியாயத்தில் கனெக்டருக்கு அதையே வைத்திருக்கிறோம். மேலும் இதற்குத் தனி ஆயில், தனி வடிகால் திருகு; கசிவதும் அதன் சீல்களில்தான். பெட்டி என்று சொல்லாவிட்டால் பராமரிப்புப் பகுதியில் வாக்கியம் அமையாது. ‘இருசிணைப்புப் பெட்டி’ என்றால் சம்மதமா?

---

சம்மதம். வரைவில் திருத்திவிடுகிறேன். பெயிண்ட் பகுதியை எழுதுபவர் கவனிக்க: ராணுவப் பச்சையைத் திரும்ப அடிக்கும் முறை அங்கே விரிவாக இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதி அந்த நிறத்தைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே விட்டுவைத்திருக்கிறது. அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள்.