ஓய்வு வயது 60: மூத்தவர் போனால் இளையவருக்கு இடம் வருகிறதா? அவரவர் துறையில் காண்பதைப் பகிருங்கள்

அமைச்சுப்பணி, வருவாய்த்துறை

"பெரியவங்க எழுந்தாத்தானே எங்களுக்கு நாற்காலி" என்று கேட்கும் தம்பி, தங்கைகளுக்கு முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசுப் பணியில் ஓய்வு வயது 2020 மே மாதம் 58-லிருந்து 59 ஆனது. 2021 பிப்ரவரியில் 60 என்று அறிவித்தார்கள். அதனால் 2020 மே 31 அன்று வீட்டுக்குப் போக வேண்டியவர் 2022 மே 31 அன்றுதான் போனார். அடிப்படைப் பணியாளர்களுக்கு (அலுவலக உதவியாளர் போன்றோர்) முன்பே 60 என்பதால் அவர்களை விட்டுவிடலாம். மற்றவர்களில் இடைப்பட்ட இரண்டு ஆண்டும் வயது முதிர்வு ஓய்வு ஏறக்குறைய நின்றே போனது. அந்த அளவில் இளைஞர்களின் கோபம் நியாயம்தான்.

ஆனால் ஒரு வட்டாட்சியர் ஓய்வு பெற்றால் அந்த இடம் நேராகத் தேர்வு எழுதியவருக்கு வராது. துணை வட்டாட்சியர் ஒருவர் மேலே ஏற வேண்டும். அவர் இடத்துக்கு முதுநிலை வருவாய் ஆய்வாளரோ உதவியாளரோ, அவருக்குக் கீழே இளநிலை உதவியாளர். இத்தனை பேரும் நகர்ந்த பிறகுதான் அடியில் ஓர் இடம் காலியாகி, தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்தும் குரூப் 4 தேர்வின் கணக்குக்குள் வரும்.

சிக்கிக்கொள்வது இந்த நடுப்படிகளில்தான். இளநிலை உதவியாளர் பவானிசாகர் பயிற்சி மையத்தின் அடிப்படைப் பயிற்சியை முடித்திருக்க மாட்டார், அல்லது துறைத் தேர்வான கணக்குத் தேர்வு பாக்கி இருக்கும். உரிய தேதியில் தகுதி இல்லாவிட்டால் பதவி உயர்வுக்கான தேர்ந்தோர் பட்டியலில் பெயர் வராது. பணிமூப்புப் பட்டியலில் யாராவது வழக்குப் போட்டுத் தடை வாங்கிவிட்டால் முழுப் பட்டியலும் நிற்கும். மேலே ஆள் ஓய்வு பெற்று மாதக்கணக்கில் ஆகியிருக்கும், 'கூடுதல் பொறுப்பு' என்று பக்கத்துப் பிரிவுக்காரர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார், கீழே இடமே திறந்திருக்காது.

தேர்வர் வழிகாட்டி

சார் சொன்னதோடு தேர்வுப் பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். குரூப் 4 தேர்வு 2019 செப்டம்பர் 1 அன்று நடந்தது. அடுத்தது 2022 ஜூலை 24. இதில் கொரோனாவுக்கும் பங்கு உண்டு. அந்த இடைவெளியில் வயது வரம்பு தாண்டியவர்களுக்காக 2021-இல் உச்ச வயதை இரண்டு ஆண்டு உயர்த்தினார்கள், பொதுப்பிரிவுக்கு 30 என்றிருந்தது 32 ஆனது. நிம்மதிதான், ஆனால் தாமதமாகச் சேர்பவர் முதல் பதவி உயர்வையும் தாமதமாகத்தான் பார்ப்பார்.

ஓய்வுகள் திரும்பத் தொடங்கிய பிறகு என்ன ஆனது என்பதும் முக்கியம். அறிவிப்பு வெளியானபோது காட்டிய இடங்கள் 2022-இல் 7,301, 2024-இல் 6,244, 2025-இல் 3,935. பிறகு கூட்டுவார்கள், அது வேறு. ஆனால் ஓய்வு ஆண்டுதோறும் நடக்கும்போதே அறிவிக்கும் எண்ணிக்கை இறங்குகிறது என்றால், மூத்தவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஓய்வு பெற்றவரையே தொகுப்பூதியத்தில் அதே மேசைக்குக் கூப்பிடுவதும், பணியிடத்தை வெளிமுகமைக்கு (ஒப்பந்த நிறுவனத்துக்கு) விடுவதும் தேர்வருக்கு நேரடி இழப்பு. இவற்றுக்கும் ஓய்வு வயதுக்கும் சம்பந்தமே இல்லை.

கணக்குப் பிரிவு

வயதைக் கூட்டுவதற்குப் பின்னால் இருக்கும் பணக்கணக்கு இது. பழைய ஓய்வூதியத் திட்டத்தில், அதாவது 1.4.2003-க்கு முன் சேர்ந்த ஒருவருக்கு அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்த்துக் கடைசி மாதம் 1,00,000 ரூபாய் என்று வையுங்கள். 33 ஆண்டுப் பணிக்குப் பணிக்கொடை 16.5 மாத ஊதியம், அதாவது 16.5 லட்சம். ஈட்டிய விடுப்பு 240 நாள் இருந்தால் எட்டு மாதச் சம்பளம், 8 லட்சம். இதற்கு மேல் ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை ஒப்படைத்து, அதற்கு ஈடாக முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் தொகை. ஒருவர் போகும்போது இவ்வளவும் ஒரே வீச்சில் வெளியே போகும். இரண்டு ஆண்டு தள்ளினால் அரசு மூச்சு விடலாம், அவ்வளவுதான். கடன் அப்படியே நிற்கும், ஊதிய உயர்வோடு கொஞ்சம் கூடவும் செய்யும்.

இளநிலை உதவியாளரின் தொடக்க அடிப்படை ஊதியம் 19,500. மூத்தவர் சம்பளத்தில் புதியவர் இருவரை வைக்கலாமே என்பார்கள். தாளில் சரி. ஆனால் மிச்சமாகும் பணத்தில் புதுப் பணியிடம் தானாக முளைக்காது, அதற்குத் தனி அரசாணை வேண்டும்.

மின்பாதை

அலுவலக வேலையை வைத்தே பேசுகிறோம் தோழர்களே. களத்தில் 59 வயதுக்காரரை மின்கம்பத்தில் ஏற்றுவது கொடுமை. முழங்கால் போயிருக்கும், மழையில் பிடி வழுக்கும். இங்கே வயதைக் கூட்டியது தவறு என்றே நினைக்கிறேன்.

அதே மனிதரை மாதக் கடைசி நாள் மாலை போட்டு அனுப்பிவிட்டு, சில மாதம் கழித்துப் புதுத் தம்பியை அனுப்புகிறார்களே, அது அதைவிட ஆபத்து. ஏபி ஸ்விட்சை (கம்பத்தில் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இறக்கி, மூன்று பிளேடும் பிரிந்ததா என்று கண்ணால் பார்த்து, மின்சாரம் இல்லை என்று சோதித்து, லைனில் மிச்சமிருக்கும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் டிஸ்சார்ஜ் ராடு போட்டு, வேலை செய்யும் இடத்துக்கு இருபுறமும் எர்த் செய்து ஏற வேண்டும் என்பது பயிற்சியில் வந்துவிடும். எந்த ஸ்விட்சில் நடு பிளேடு துருவால் முழுசாகப் பிரியாது, எந்தக் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் லைனுக்குள் திரும்பிப் பாயும், எந்தக் கம்பத்தில் இரண்டு டிரான்ஸ்பார்மர் லைனும் சேர்ந்து ஓடுது என்பதெல்லாம் பழையவர் தலையில் மட்டுமே இருக்கும். ஒரு பணியிடத்தில் ஒருவருக்குத்தான் சம்பளம் என்பதால் இருவரும் சேர்ந்து லைன் நடக்க வழியே இல்லை. ஓய்வுக்கு முந்தைய மூன்று மாதத்துக்கு மட்டும் ஒரு தற்காலிகக் கூடுதல் பணியிடம் கொடுத்தால் போதும், மழைக்காலம் ஒன்று அதற்குள் வந்தால் இன்னும் நல்லது.

எல்லையோரம்

கேரளத்தில் 2013 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவர்களுக்கு இன்றும் 56தான். பொதுத்துறை நிறுவனங்களுக்கு 60 என்று 2022 அக்டோபர் இறுதியில் ஆணை போட்டார்கள், இளைஞர் அமைப்புகள் கிளம்பியதும் சில நாளில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். பள்ளிச் சேர்க்கைக்காக மே கடைசியில் பிறந்த தேதி எழுதிய வழக்கத்தால் அங்கே மே 31 அன்று கூட்டமாக ஓய்வு பெறுகிறார்கள். எந்த நாளில் எத்தனை இடம் காலியாகும் என்பது முன்கூட்டியே தெரியும். நம் ஊரிலும் பிறந்த தேதி பணிப்பதிவேட்டில் இருக்கிறது, மாதக் கடைசி நாளில்தான் ஓய்வு (1-ஆம் தேதி பிறந்தவருக்கு முந்தைய மாதக் கடைசி). ஐந்து ஆண்டுக் காலியிடத்தை இன்றைக்கே எண்ணிவிடலாம்.

அமைச்சுப்பணி, வருவாய்த்துறை

எண்ண வைக்க வழி உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரிவு 6(1)-இன் கீழ் அந்தந்தத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டி எழுதுங்கள். பதவி வாரியாக நான்கு எண் கேளுங்கள்: அனுமதிக்கப்பட்ட பணியிடம், பணியில் உள்ளோர், வரும் ஆண்டில் ஓய்வு பெறுவோர், தேர்வாணையத்துக்கு அறிவித்த காலியிடம். கூடவே கடைசித் தேர்ந்தோர் பட்டியல் வெளியான தேதியையும் கேளுங்கள். "ஏன் நிரப்பவில்லை" என்று கேட்டால் விளக்கம் தர இயலாது என்று திருப்பிவிடுவார்கள், ஆவணத்தில் உள்ளதை மட்டும் கேட்கணும். 30 நாளில் பதில் வராவிட்டால் பிரிவு 19(1)-இல் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை.