மறு: மெய்நிகர் பின்னணி – ‘விளிம்புக் கோளாறு’ ஒன்றே போதுமா?

வணக்கம்.

வீடியோ அழைப்பில் உண்மையான அறைக்குப் பதிலாக வேறு படத்தைக் காட்டும் மெய்நிகர் பின்னணியில், ஆளின் விளிம்பு கெடுவதற்கெல்லாம் உதவிப் பக்கத்துக்கு முன்மொழிந்த ‘விளிம்புக் கோளாறு’ என்ற சொல்லை ஏற்க முடியவில்லை. காரணமும் தீர்வும் வெவ்வேறான மூன்று சிக்கல்களை அது ஒரே பெயரில் அடைத்துவிடுகிறது. படிப்பவர் எந்த அமைப்பைத் தொடுவார்?

முடியும் காதும் துண்டு துண்டாகத் தெரிவது முதல் வகை. பின்னணியிலிருந்து ஆளைப் பிரித்தெடுக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரி (model) படத்தை முழுத் தெளிவில் பார்ப்பதில்லை. கூகுளின் மென்பொருள் தொகுப்பான மீடியாபைப்பின் (MediaPipe) பொது மாதிரி 256×256 பிக்சலுக்குச் சுருக்கித்தான் பார்க்கிறது. அங்கே கிடைக்கும் வெட்டுருவை (எது ஆள், எது பின்னணி என்று குறிக்கும் mask) 1280×720க்கு விரித்தால், அகலவாக்கில் ஒரு பிக்சல் ஐந்தாகிறது. மயிரிழை அதில் தங்காது. இதற்கு ‘விளிம்புப் பிசிறு’ என்பேன். துணிக்கும் குரலுக்கும் ஏற்கெனவே புழங்கும் சொல், விளக்கவே வேண்டாம். கேமராவின் தெளிவுத்திறனைக் கூட்டுவதால் பிசிறு போகாது. விளிம்பை மென்மையாக்கும் அளவைச் சற்று ஏற்றலாம். சட்டை நிறமும் சுவர் நிறமும் ஒத்துப்போகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் விளிம்பு துடிப்பது அடுத்தது: ‘விளிம்பு நடுக்கம்’. வெளிச்சம் குறைந்தால் கேமரா கெயினை (ஒளிச் சமிக்ஞையின் பெருக்கத்தை) ஏற்றும், கூடவே படத்தில் புள்ளிப் புள்ளியான இரைச்சலும் ஏறும், ஃபிரேமுக்கு ஃபிரேம் வெட்டுரு மாறி விழும். முகத்துக்கு எதிரே விளக்கு வையுங்கள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் திரை போடுங்கள். தானியங்கி எக்ஸ்போஷரை நிறுத்திவையுங்கள். (படம் முழுக்கப் பட்டைகள் ஓடினால் அது நடுக்கம் அல்ல, கேமரா அமைப்பில் மின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்று பார்க்கவேண்டும்.)

மூன்றாவது, பச்சைத் திரை வைத்தவர்களுக்குத் தோளிலும் தாடையிலும் பச்சை ஏறுவது. ‘நிறக்கசிவு’ சரியா?

---

> ‘நிறக்கசிவு’ சரியா?

ஐயா, பிசிறுக்கும் நடுக்கத்துக்கும் என் முழு ஆதரவு. கசிவு மட்டும் வேண்டாம். திரையில் பட்ட ஒளி தெறித்துத் தோளில் விழுகிறது, எதுவும் கசியவில்லை. ‘நிறத்தெறிப்பு’ என்றால் காரணமும் சொல்லிலேயே வந்துவிடும்: திரையிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி உட்கார், திரைக்குத் தனி விளக்கு வை. ஒளிபரப்பு மென்பொருளான ஓபிஎஸ்ஸின் (OBS) குரோமா கீயில், அதாவது திரையின் நிறத்தை நீக்கும் வடிகட்டியில், தெறிப்பைக் குறைக்கும் அளவு 100இல் தொடங்குகிறது, அதைப் படிப்படியாக ஏற்றலாம். நிற ஒப்புமை (திரை நிறத்துக்கு எவ்வளவு நெருங்கிய நிறங்களையும் நீக்குவது என்ற அளவு) 400இல் இருக்கும். பலரும் முதலில் அதைத்தான் கூட்டுகிறார்கள், பச்சை கலந்த சட்டை ஓட்டையாகிவிடுகிறது.

கசிவை வேறொன்றுக்கு வைத்துக்கொள்வோம். இடுப்பில் கை வைத்தால் கைக்கும் உடம்புக்கும் நடுவே உண்மையான அறை எட்டிப்பார்க்கிறதே, அதுதான் ‘பின்னணிக் கசிவு’.

ஐந்தாவது ஒன்றும் வேண்டும். நடுக்கத்தை அடக்க, முந்தைய ஃபிரேமின் வெட்டுருவையும் கலந்துகொள்ளும் வசதி சில செயலிகளில் உண்டு. அதை அதிகம் ஏற்றினால், கையை வீசும்போது வெட்டுரு பிந்துகிறது. விரல் போன பிறகும் அதன் இடத்தில் அறையின் துண்டு ஒட்டியிருக்கும். ‘பின்னிழுவை’ எனலாமா? நடுக்கம் குறையக் குறைய இழுவை கூடும் என்பதால் இரண்டையும் ஒரே பத்தியில் வைப்பது நல்லது. உதவிப் பக்கத்துக்கு என் வரி:

“கையை அசைக்கும்போது பின்னிழுவை தெரிந்தால் நடுக்கத் தணிப்பைக் குறைக்கவும், நடுக்கம் திரும்பினால் தணிப்பைக் கூட்டாமல் முன்விளக்கைக் கூட்டவும்.”