மாநாட்டுக்குப் போகிற வழியில் கார்த்தேஜ், நாவூ, கர்ட்லண்ட்: போய்வந்தவர்கள் எழுதுங்கள்

சிகாகோ தங்கை

வரும் ஜூனில் எங்கள் வட்டாரச் சபைகளின் (பிற்காலப் பரிசுத்தவான்கள், மார்மன் என்று பிறர் சொல்லும் சபை) இளைஞர் மாநாடு இல்லினாய் மாநிலத்து நாவூவில் நடக்கிறது. சிகாகோவிலிருந்து கார்களில் கிளம்புகிறோம். முன்னும் பின்னும் விடுப்பு எடுத்துச் சுற்றியுள்ள வரலாற்று இடங்களையும் பார்க்கத் திட்டம். வருகிறவர்களில் பாதிப் பேர் அண்மையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். இந்த ஊர்களைப் பாடத்தில் படித்ததோடு சரி. எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் என்பதை வரைபடம் சொல்லிவிடும். எங்கே நின்று நிதானிக்க வேண்டும் என்பதைப் போய்வந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். நானே தொடங்குகிறேன்.

கார்த்தேஜ் சிறை, 1844 ஜூன் 27. நம் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித்தையும் அவர் அண்ணன் ஹைரமையும் கும்பல் சுட்டுக் கொன்ற இடம். மாடியறையில் எங்களுக்கு விளக்கியவர் வயதான மிஷனரி. மனைவியோடு ஊழியத்துக்கு வந்திருந்தார். கதவுக்குச் சரியான தாழ்ப்பாள் இல்லை, உள்ளே இருந்தவர்கள் உடம்பைக் கொடுத்துத்தான் அடைத்துப் பிடித்தார்கள் என்று சொல்லி, தன் தோளை முட்டுக் கொடுத்து நின்று காட்டினார். பக்கத்திலேயே குண்டு துளைத்த ஓட்டை. அப்படியே நின்றுவிட்டார், பேச்சு வரவில்லை. மீதியை அவர் மனைவி சொன்னார்: ஹைரம் மூத்தவர், 44 வயது. குடும்பத்தை அழைத்துக்கொண்டு சின்சினாட்டிக்குக் கப்பல் ஏறிவிடும்படி தம்பி ஜோசப் முன்பே கெஞ்சியிருந்தார். உன்னை விட்டுப் போக முடியாது என்று அண்ணன் மறுத்துவிட்டார்.

எனக்கும் ஓர் அண்ணன் இருக்கிறார். அப்பா காலமான பிறகு வீட்டுப் பங்கு விஷயத்தில் பேச்சு நின்றது, நின்றதுதான். அந்தப் பெரியவரின் தோள் இன்றும் கண்ணை விட்டு அகலவில்லை. அண்ணனுக்கு இன்னும் போன் செய்யவில்லை.

ஒஹையோக்காரர்

கர்ட்லண்டை விட்டுவிடாதீர்கள். 1836 மார்ச் 27இல் பிரதிஷ்டை செய்த, நம் சபையின் முதல் ஆலயம். ஜோசப்பின் மறைவுக்குப் பின் தனி வழியில் போன கம்யூனிட்டி ஆஃப் கிறைஸ்ட் சபையின் கையில் இருந்ததை 2024 மார்ச்சில் நம் சபை வாங்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாவூவில் உள்ள ஸ்மித் குடும்பத்து வீடுகளும் சேர்த்து 19 கோடியே 25 லட்சம் டாலர். செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம்.

திறந்த சில வாரங்களில் போனேன். கீழ்த்தளக் கூடத்தில் இரண்டு கோடியிலும் அடுக்கடுக்கான பிரசங்க மேடைகள். இளம் மிஷனரிப் பெண் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். கூட்டத்தின் ஓரத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா. மிஷனரி ஓரிடத்தில் சொல்ல வந்ததை மறந்து தடுமாறியபோது, அந்த அம்மா தணிந்த குரலில் எடுத்துக்கொடுத்தார்: தடுப்புக்குள் இருக்கும் இருக்கைப் பலகையை முன்னும் பின்னும் நகர்த்தலாம், எந்த மேடையில் பேசுகிறார்களோ அந்தப் பக்கம் பார்த்து உட்காரலாம். பலகையைத் தொடவில்லை. இரண்டு கைகளாலும் காற்றில் நகர்த்திக் காட்டினார். பல ஆண்டுகள் இதே கூடத்தில் வழிகாட்டியாக இருந்தவராம், கம்யூனிட்டி ஆஃப் கிறைஸ்ட் சபைக்காரர். மிஷனரி உடனே ஒதுங்கி நின்று, நீங்களே தொடருங்கள் என்றார். அந்த அம்மா தலையசைத்து மறுத்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

வெளியே வந்து அவரிடம் ஏதாவது சொல்ல நினைத்தேன். நன்றி என்றா, வருத்தம் என்றா? எதைச் சொன்னாலும் பொருந்தாது என்று தோன்றியது. ஒன்றும் சொல்லாமல் கார் கதவை அவருக்குத் திறந்துவிட்டேன்.

இளைஞர்களிடம் வெளிச்சுவரைக் காட்டுங்கள். அந்தச் சாந்தில் மினுமினுப்பதற்காகச் சகோதரிகள் தங்கள் வீட்டின் உயர்ந்த பீங்கானையெல்லாம் உடைத்துக் கொடுத்தார்கள். அந்தத் தியாகத்தை அவர்கள் கேட்க வேண்டும்.

பழைய ஏடு

பீங்கான் கதையை இப்படியே இளைஞர்களிடம் கொண்டுபோக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சாந்தில் கண்ணாடியும் பாத்திரத் துண்டுகளும் கலந்தது உண்மை. ஆனால் கட்டட வேலையில் இருந்தவர்களின் நினைவுகளின்படி, ஊர் ஊராகச் சேகரித்தது உடைந்து போன பழைய பாத்திரங்கள். பெண்கள் தங்கள் நல்ல பீங்கானை உடைத்தார்கள் என்பது வெகு காலம் கழித்துச் சொல்லக் கேட்டுச் சொல்லி வளர்ந்தது. இதனால் அந்தப் பெண்களின் தியாகம் குறைந்துவிடவில்லை. அவர்கள் நூல் நூற்றார்கள், நெய்தார்கள், வேலையாட்களுக்கு உடுப்புத் தைத்தார்கள், ஆலயத்துத் திரைகளைச் செய்தார்கள். ஏழைக் குடியிருப்பு அது. அடுத்த வேளை மாவுக்கே கடன் வாங்கிய குடும்பங்கள் இருந்தன. அந்த உழைப்புக்குச் சான்று இருக்கும்போது, சான்றில்லாத பீங்கானை ஏன் முன்னே வைக்க வேண்டும்? ஒரு பையன் நாளை இதைத் தேடிப் படித்து, இது பொய்யென்றால் மற்றதும் பொய்தானோ என்று கேட்டால் யார் பதில் சொல்வது? என் வகுப்பில் அப்படிக் கேட்டார்கள். அதனால்தான் இவ்வளவு வேகமாக எழுதுகிறேன்.

என் அனுபவம் சிறியது. மிசௌரியில் லிபர்ட்டி சிறை. 1838 டிசம்பர் 1 முதல் 1839 ஏப்ரல் 6 வரை ஜோசப் அடைபட்டிருந்த இடம். இப்போது பார்வையாளர் கூடத்துக்குள் பாதியை வெட்டிக் காட்டியதுபோல மறுபடி கட்டியிருக்கிறார்கள். நான்கு அடி கனச் சுவர். கீழறையின் கூரை நெடிய மனிதரின் தலையில் இடிக்கும். என் பக்கத்தில் நின்றவர் கையை உயர்த்தி அந்த உயரத்தை அளந்து பார்த்தார். பிறகு, யாரையும் பார்க்காமல், தான் சிறையில் இருந்தவன் என்றும், கடவுளே எங்கே இருக்கிறீர் என்று கேட்கும், நம் வேதநூலான கோட்பாடும் உடன்படிக்கைகளும் நூலின் 121ஆம் பிரிவைத் தன் அறையில் படித்ததாகவும் சொன்னார். இது இங்கே எழுதப்பட்டது எனக்குத் தெரியாது என்றார். நான் அந்தப் பிரிவை ஆண்டுக்கணக்காகப் பாடம் எடுத்திருக்கிறேன். அவர் படித்த விதத்தில் ஒரு நாளும் படித்ததில்லை.

ஒஹையோக்காரர்

பழைய ஏடு சகோதரரே, என் பாட்டி வயதுச் சகோதரிகள் இந்தக் கதையைக் கண்ணீரோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். சான்று உங்கள் பக்கம் இருக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் ஏட்டில்தான் தேட வேண்டுமா? இளைஞர்களிடம் இரண்டையும் சொல்வோம்.

கோவை அம்மா

பீங்கானை விடுங்கள் பிள்ளைகளா. நான் கோயம்புத்தூரில் சபையில் சேர்ந்தவள், இப்போது மகளோடு அயோவாவில் இருக்கிறேன். சபைப் பெண்களின் அமைப்பான ஒத்தாசைச் சங்கத்தில் பல காலம் பொறுப்பில் இருந்தேன். அதனால் நாவூவில் எனக்கு ஆலயத்தைவிடச் சிவப்புச் செங்கல் கடைதான் முக்கியம். 1842 மார்ச் 17இல் ஜோசப்பின் மனைவி எம்மா ஸ்மித் தலைமையில் சங்கம் தொடங்கியது அதன் மாடியில். இப்போது நிற்பது மறுபடி கட்டியது. இருந்தாலும் அதே இடம்.

மாடிப்படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மாமியார் மேலே போய்விட்டார், இவள் வரவில்லை. முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லி நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிறிது நேரம் கழித்து அவளே சொன்னாள்: குழந்தை இறந்து பிறந்தபோது சங்கத்திலிருந்து யாரும் வீட்டுப் படி ஏறவில்லை, அதற்குப் பிறகு ஆராதனைக்குப் போவதில்லை. மேலே வழிகாட்டி, ஜோசப்பின் தாய் லூசி அந்தச் சங்கத்துப் பெண்களிடம் ஒருவரையொருவர் பேணுங்கள், ஆற்றுங்கள் என்று சொன்னதை வாசித்துக்கொண்டிருந்தார். எங்கள் காதில் தெளிவாக விழுந்தது. அந்த நேரத்தில் அந்த வார்த்தை அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் என் வயிறு இன்னும் கலங்குகிறது. குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்டேன். சொன்னாள். இதுவரை யாரும் கேட்கவில்லை என்றாள்.

நான் மாடிக்குப் போகவே இல்லை. ஊருக்குத் திரும்பியதும் எங்கள் சங்கத்துப் பட்டியலை எடுத்து, வராமல் நின்றவர்களின் வீடுகளுக்குப் போக ஆரம்பித்தேன்.

சால்ட் லேக் அன்பர்

எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் தங்கை, இளைஞர்களை முதன்முறை அழைத்துப் போவதென்றால் வட்டார மாநாட்டைவிட இங்கே சால்ட் லேக் நகரில் முழுச் சபைக்கும் நடக்கும் பொது மாநாட்டுக்கு அழைத்து வாருங்கள். ஏப்ரல், அக்டோபர் முதல் வாரக்கடைசி. மாநாட்டு மண்டபத்தில் 21,000 பேர் உட்காரலாம். டிக்கெட் இலவசம், அமெரிக்காவில் இருப்பவர்கள் உள்ளூர்த் தலைவர்கள் வழியாகக் கேட்க வேண்டும். கிடைக்காதவர்களுக்குக் காத்திருப்பு வரிசை உண்டு, விடியற்காலையிலேயே வந்து நில்லுங்கள். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். சால்ட் லேக் ஆலயம் 2019 டிசம்பர் இறுதியிலிருந்து பழுதுபார்ப்புக்காக மூடியிருக்கிறது. 2027 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். சபையில் சேராத நண்பர்களை அழைத்துவர அதைவிட நல்ல காலம் கிடையாது. டாபர்நாக்கிள் என்ற பழைய கூட்ட மண்டபத்தில் குண்டூசியைக் கீழே போட்டு, அந்தச் சத்தம் கூடத்தின் கடைசி வரை கேட்பதைக் காட்டுவார்கள், பின்வரிசையில் உட்காருங்கள்.

நாவூதான் என்றால் சில விஷயங்கள். ஜூன் புழுக்கம் கடுமை, மிசிசிப்பிக் கரையில் கொசு. குதிரை வண்டிச் சவாரி இலவசம், ஆனால் காலையிலேயே இடம் பிடிக்க வேண்டும். ஆலயத்துக்குள் போகச் சபைத் தலைவர்கள் தரும் பரிந்துரைச் சீட்டு வேண்டும். இல்லாதவர்களை வெளியே தனியாகக் காத்திருக்க விடாதீர்கள், யாராவது ஒருவர் கூட இருங்கள். ஞாயிற்றுக்கிழமை கடையை நம்பாதீர்கள். சாதம் வைக்கும் மின்குக்கர், ஊறுகாய், தயிர் எல்லாம் சனிக்கிழமையே கையில் இருக்கட்டும். ரயிலில் வருபவர்கள் ஆற்றுக்கு அக்கரையில் ஃபோர்ட் மேடிசன் நிலையத்தில் இறங்கலாம். மிசௌரிப் பக்கம் நேரம் இருந்தால் மட்டும். ஹான்ஸ் மில் போன்ற இடங்களில் பார்க்க ஒன்றுமே இல்லை, வெறும் புல்வெளி.

என் அனுபவம்: ஓர் ஏப்ரலில் வரிசையில் நின்றபோது டோங்கா நாட்டுப் பாட்டி ஒருவர் தன் டிக்கெட்டை என் கையில் திணித்துவிட்டு, நான் பலமுறை பார்த்தவள் என்று கூட்டத்தில் நடந்துவிட்டார். பெயர்கூடக் கேட்க முடியவில்லை.

மிசௌரி லாரிக்காரர்

பார்க்க ஒன்றுமே இல்லை என்று எழுதியதைப் படித்ததும் மனம் கொதித்தது. 1838 அக்டோபர் 30இல் ஹான்ஸ் மில்லில் 17 பேரைக் கொன்றார்கள். மூன்று நாள் முன்னால்தான் மார்மன்களை மாநிலத்தை விட்டுத் துரத்து, இல்லையென்றால் அழித்துவிடு என்று ஆளுநர் பாக்ஸ் உத்தரவு போட்டிருந்தார். அந்த உத்தரவை மாநிலம் முறைப்படி நீக்கியது 1976இல்! சார்டியஸ் என்ற பத்து வயதுப் பையன் கொல்லர் பட்டறையின் துருத்திக்கடியில் ஒளிந்திருந்தான். இழுத்துச் சுட்டார்கள். தாய் அமாண்டா ஒரே நாளில் கணவனையும் அவனையும் இழந்தார். புதைக்க ஆளில்லாமல் உடல்களைத் தோண்டி முடிக்காத கிணற்றில் இறக்கினார்கள்.

லாரி ஓட்டுவது என் தொழில். சரக்கு இறக்கிவிட்டு அந்தப் பக்கம் காரில் போனேன். மழை பெய்த சரளைச் சாலை, சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. டிராக்டரில் வந்த விவசாயி கட்டி இழுத்துவிட்டார். சபைக்காரர் அல்லர். அந்த இடத்துக்குத்தானே என்று கேட்டு, முன்னால் போய் வழி காட்டினார். ஓடைக் கரையில் நின்று, கிணறு எந்த இடம் என்று கேட்டேன். யாருக்கும் சரியாகத் தெரியாது, அதனால் நான் இங்கே காலை மெதுவாகத்தான் வைப்பேன் என்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவருடைய முன்னோர் அன்று எந்தப் பக்கம் நின்றவர்களோ, நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான்கு தலைமுறையாக அங்கேதான் இருக்கிறார்களாம்.

புல்வெளிதான். இளைஞர்களை அங்கே நிறுத்துங்கள். மழை பெய்திருந்தால் சாலை நிலவரம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

யாழ் வாசகன்

நான் சபைக்காரன் அல்லன். கனடாவில் இருக்கிறேன். அலுவலக நண்பர் மாநாட்டுக்குப் போனபோது கார் ஓட்டத் துணைக்குப் போனேன். இண்டிபெண்டன்ஸ் நகரில் கம்யூனிட்டி ஆஃப் கிறைஸ்ட் சபையின் ஆலயம், சங்குபோல் சுருண்டு மேலே போகும் கூரை. அங்கே தினமும் நண்பகலுக்குப் பிறகு உலக சமாதானத்துக்காக ஜெபம் நடக்கிறது, ஒவ்வொரு நாளும் ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி. கால் ஆற உட்கார்ந்தேன். அன்றைய நாடு இலங்கை.

பத்துப் பன்னிரண்டு பேர் இருந்திருப்பார்கள். மெழுகுவத்தி ஏற்றிய அம்மா, அந்த நாட்டு மக்கள் எல்லோருக்காகவும் என்றார். முடிந்ததும் அவரிடம் போய் நான் அங்கிருந்து வந்தவன், தமிழன் என்றேன். அப்படியா, அழகான நாடு என்றார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் என்ன நடந்தது, யார் செத்தார்கள், யார் இன்னும் காணாமல் போனவர்களின் படத்தை ஏந்தித் தெருவில் நிற்கிறார்கள் என்று தெரியாமல் எப்படி ஜெபிப்பது? லாரிக்கார அண்ணன் எழுதியதைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. உங்கள் சபைக்கு அந்தப் பையனின் பெயர் தெரிந்திருக்கிறது, வயது தெரிந்திருக்கிறது. அந்த ஜெபத்தில், கிளிநொச்சியைச் சேர்ந்த என் சித்தப்பா மகன் பெயரைச் சொல்ல விரும்பினேன். சொல்லியிருந்தால் அந்த அம்மா கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

சிகாகோ தங்கை

எல்லோருக்கும் நன்றி. சால்ட் லேக் அன்பர் அண்ணா, பொது மாநாடு இந்த முறை முடியாது. 2027க்கு மனதில் வைக்கிறோம், குக்கரும் தயிரும் பட்டியலில் சேர்ந்துவிட்டன. கர்ட்லண்ட் எதிர்த்திசை என்பதால் அதைத் தனிப் பயணமாக இலையுதிர் காலத்துக்குத் தள்ளுகிறோம். மாநாடு முடிந்த மறுநாள் ஹான்ஸ் மில், லிபர்ட்டி, இண்டிபெண்டன்ஸ் என்று போகிறோம். சமாதான ஜெபத்துக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறோம். யாழ் வாசகன் அண்ணா, உங்கள் சித்தப்பா மகனின் பெயரை எனக்குத் தனியாக அனுப்ப விருப்பம் இருந்தால் அனுப்புங்கள். எந்த நாட்டின் நாளாக இருந்தாலும், அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறோம்.