சிங்களத்தில் எடுத்த புத்தாண்டு விளம்பரம் தமிழில் ஏன் மனசைத் தொடுவதில்லை?

கொட்டாஞ்சேனை_கதிர்:
30 செக்கன் சித்திரைப் புத்தாண்டு விளம்பரம். சிங்களத்தில் எடுத்து முடிந்துவிட்டது. அம்மா வீட்டில் தனியாக இருக்கிறார், மகன் பஸ்ஸில் ஊருக்கு வருகிறான், பால் பொங்குகிறது, கடைசியில் பிஸ்கட் பெட்டி. தமிழுக்கு டப்பிங் மட்டும்தான் பட்ஜெட். மொழிபெயர்ப்பில் பிழை இல்லை, ஆனாலும் தமிழ் ஆட்களுக்குப் போட்டுக்காட்டினால் முகத்தில் ஒன்றும் தெரிவதில்லை. அரைநாள் ஷூட்டிங், ஒருநாள் ஒலிப்பதிவு என்று கேட்டுப் பார்க்கலாம். எதை மாற்றினால் பலன் அதிகம்?

ஒலிமேசை:
முதலில் ஒலியில் கை வையுங்கள். இசை, எஃபெக்ட்ஸ், குரல் மூன்றையும் தனித்தனி ஸ்டெம்மாக, அதாவது தனித்தனி ஒலிக்கோப்பாக, 48 கிலோஹேர்ட்ஸில் கேட்டு வாங்குங்கள். ஒரே மிக்ஸாகக் கையில் தந்தால் எதையும் கழற்ற முடியாது.

குயில் சத்தம் இரண்டு பக்கத்துக்கும் பொது, அது இருக்கட்டும். சிக்கல் றபானில், அதாவது சிங்களப் புத்தாண்டுக்கு அடிக்கும் தட்டையான மேளத்தில். சிங்கள வீட்டில் வளர்ந்தவருக்கு இரண்டு அடி கேட்டவுடனே ஏப்ரல் வந்துவிடும். பெண்கள் சுற்றி உட்கார்ந்து பெரிய றபான் அடிப்பது அவர் கண்ணில் தெரியும். தமிழ் வீட்டில் அந்த நினைவு இல்லாததால் அது வெறும் மேளச் சத்தமாகப் போய்விடும். அந்த இடத்தில் தூரத்துக் கோயில் மணியை மெல்லியதாக, ஒரே ஒரு தடவை விடுங்கள். நாதஸ்வரம் வேண்டாம், கல்யாண வீடாகிவிடும்.

இசையின் வேகத்தை மட்டும் மாற்றாதீர்கள். படம் அந்தத் தாளத்துக்குத்தான் வெட்டப்பட்டிருக்கும். நிமிடத்துக்கு 76 அடியில் ஓடியதை 90 ஆக்கினால் ஒவ்வொரு வெட்டும் தாளத்துக்கு வெளியே விழும், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே ஒரு அந்தரம் வரும். பால் பொங்குவதற்கு முன் 10, 12 ஃப்ரேமுக்கு இசையை நிறுத்தி அடுப்புச் சத்தத்தை மட்டும் விடுங்கள். செக்கனுக்கு 25 ஃப்ரேம் (படச்சட்டம்) என்ற கணக்கில் அது அரை செக்கன்கூட இல்லை, ஆனாலும் அதற்குப் பிறகு வரும் முதல் சுரம் ஆளைப் பிடிக்கும். முழு நிசப்தம் வைத்தால் டீவி பழுது என்று நினைப்பார்கள்.

வெட்டுமேசை:
ஒலி சரி, ஆனால் அரைநாள் ஷூட்டிங் கிடைத்தால் அதை விடாதீர்கள். சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரே நடிகரின் ஒரே முகத்தை ஒருமுறை சூப் கிண்ணத்தோடும், ஒருமுறை சவப்பெட்டியோடும், ஒருமுறை ஒரு பெண்ணோடும் ஒட்டிக் காட்டினார். அருகில் வந்த படத்தை வைத்தே பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்கள். உங்கள் அம்மாவின் முகமும் அப்படித்தான். அவர் எதைப் பார்க்கிறார் என்பதை மாற்றினால் போதும், அவரைத் திரும்ப நடிக்கவைக்கத் தேவையில்லை.

சிங்களப் பிரதியில் அவர் பார்ப்பது கொக்கிஸ் என்ற சிங்களப் புத்தாண்டுப் பலகாரத் தட்டையோ சேவல் வைத்த விளக்கையோ என்றால், அங்கே இரண்டு கை ஷொட் போடுங்கள். ஒன்று நிறைகுடம்: மாவிலை செருகிய பிறகு தேங்காயைக் குடுமி மேலே வர வைக்கும் கை. மற்றது புத்தாண்டுக் குளிப்புக்குத் தலையில் வைக்கும் மருத்துநீர்க் கிண்ணம், அல்லது பெரியவர்கள் கொடுக்கும், வெற்றிலையில் வைத்த கைவிசேடக் காசு. ஒவ்வொன்றும் 2 செக்கன். முகம் வராததால் நடிகர் தேடும் செலவும் இல்லை.

ஷூட்டுக்குப் போகுமுன் பழைய கமரா ரிப்போர்ட்டை (படப்பிடிப்புக் குறிப்பு) கேளுங்கள். லென்ஸ், வைட் பலன்ஸ் (ஒளியின் நிறத்துக்கேற்ற கமரா அமைப்பு), ஒளி வந்த பக்கம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பழைய ஷொட் 5600 கெல்வின் காலை வெயிலில் இருக்க, புதியதை மஞ்சள் பல்பின் கீழ் எடுத்தால் நிறத்திருத்தத்தில் தோல் நிறம் கெட்டுவிடும். 25 ஃப்ரேம், 1/50 ஷட்டர் வைத்தால் இங்குள்ள 50 ஹேர்ட்ஸ் மின்விளக்கில் துடிப்பு வராது. பால் பொங்கும் ஷொட்டைத் தொடவேண்டாம், அது நம் வீட்டுக் காட்சியும்தான்.

பெட்டி எங்கே வருகிறது என்றும் பாருங்கள். அம்மாவும் மகனும் சந்திக்குமுன் அது வந்தால் பாசம் வியாபாரமாகத் தெரியும்.

வெள்ளவத்தை_வாணி:
இருவரும் வசனத்தை விட்டுவிட்டீர்கள். "உங்கள் அன்புக்குரியவர்களுடன் இனிய தருணங்களைப் பகிர்ந்து மகிழுங்கள்" என்ற மாதிரி ஒரு வரி நிச்சயம் இருக்கும். அது வங்கி அறிவித்தல். அதைத் தூக்கிவிட்டு "எல்லாரும் வீட்டிலதான்" என்று வையுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம், 30 செக்கனில் 45 சொல்லைத் தாண்டினால் குரல் கொடுப்பவர் ஓட வேண்டிவரும். இந்தக் கதைக்கு 20, 25 தாராளம். குரலுக்குக் கீழே இசையை 12 டெசிபல் இறக்குங்கள், அப்போது அவர் கத்தாமல் பேசலாம்.

"வாங்கோ" என்றால் யாழ்ப்பாணம், "வாங்க" என்றால் கொழும்பு, மலையகம். படத்திலுள்ள வீடு எந்த ஊர் என்று தெரியாவிட்டால் வினைமுற்றைத் தவிர்த்து, பெயர்ச்சொல்லில் முடியும் வரிகளாக எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனை_கதிர்:
மூவருக்கும் நன்றி. ஒரே ஒரு இடம் இடிக்கிறது. மகன் வாசலில் நின்று குளோசப்பில் "அம்மே" என்கிறான். "அம்மா" என்று டப் பண்ணினால் வாய் பொருந்தவில்லை.

வெட்டுமேசை:
"அம்" வரைக்கும் பொருந்தும், இரண்டு மொழியிலும் உதடு மூடும். கடைசி உயிரில்தான் பிடிபடுகிறது: "ஏ"க்கு வாய் பக்கவாட்டில் விரியும், "ஆ"வுக்குக் கீழே திறக்க வேண்டும். அதனால் உதடு மூடியிருக்கும் கடைசி ஃப்ரேமில் வெட்டி, நேராக அம்மாவின் முகத்துக்குப் போங்கள். "மா" அவர் முகத்தின் மேல் கேட்கட்டும்.