மயக்க மருந்து ஒத்துக்காம போனவங்க இருக்கீங்களா?

தூங்காதவன்:
தம்பிக்கு எம்.எச். (மேலிக்னன்ட் ஹைபர்தெர்மியா: சில மயக்க மருந்து பட்டதும் தசை இறுகி உடம்பு சூடு எக்கச்சக்கமா ஏறற கோளாறு). 19 வயசு, குடல்வால் ஆபரேஷன், சின்ன வேலைன்னாங்க. ஊசி போட்டதும் தாடை பூட்டிக்கிச்சாம். மூச்சுல கார்பன் டை ஆக்சைடு கிடுகிடுன்னு ஏறியிருக்கு, சூடு அப்புறம்தான். நர்ஸ் வெளியே ஓடி வந்தப்ப கதவு இடுக்குல பார்த்தேன்: நாலு பேர் நின்னு குப்பி குலுக்கிட்டு இருந்தாங்க. டான்ட்ரோலீன், எம்.எச்.சை அடக்கற மருந்து. ஒரு குப்பியில 20 மில்லிகிராம்தான், 60 மில்லி தண்ணி விட்டுக் கரைக்கணும். 70 கிலோ ஆளுக்கு முதல் டோஸே ஒன்பது குப்பி. பையன் பிழைச்சுட்டான். எனக்கு அந்தக் குலுக்கல்தான் கண்ணை விட்டுப் போகல.

கீறல்இல்லாதவள்:
எனக்கு அலர்ஜி. ரெண்டு நாள் கழிச்சு ஐசியூல முழிச்சேன், தொண்டையில குழாய். தையல் எங்கேன்னு வயித்தைத் தடவினா ஒரு கீறல் கூட இல்ல! கத்தி வைக்கறதுக்கு முன்னாடியே பிரஷர் விழுந்து, அட்ரினலின் போட்டு, ஆபரேஷனையே நிறுத்திட்டாங்க. பிறகு தோல்ல டெஸ்ட் பண்ணி ரோகுரோனியம்னு சொன்னாங்க, மயக்கத்தோட தசை தளரப் போடற மருந்து. பித்தப்பைக் கல் இன்னும் உள்ளேதான்.

பழையஆள்:
எனக்கு மூணு தடவை மயக்கம் கொடுத்தாச்சு, ஒண்ணும் ஆகல. ஒரு தடவை ஒத்துக்கிட்டா அப்புறம் பயமே வேணாம். சும்மா மிரட்டாதீங்க.

அக்காவின்தங்கை:
@பழையஆள், தப்பு. முன்னாடி ஒத்துக்கிட்டவங்களுக்கும் எம்.எச். வந்திருக்கு. என் அக்காவுக்கு ரெண்டாவது தடவைதான் வந்துச்சு. இது பரம்பரை. அப்பா அம்மாவுல ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. 1960ல மெல்போர்ன்ல கால் உடைஞ்சு வந்த 21 வயசுப் பையன், காலைவிட மயக்க மருந்துக்குத்தான் பயந்தான்: சொந்தக்காரங்க பத்துப் பேர் ஈதர்ங்கற பழைய மயக்க மருந்துல செத்துப் போயிருக்காங்க. டாக்டர்கள் இதைக் கண்டுபிடிச்சதே அவன் சொன்னதை வெச்சுத்தான்.
@தூங்காதவன், நீங்க கேக்கல, ஆனாலும் சொல்றேன். கூடப் பிறந்தவங்க எல்லாரும் மயக்க டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. செவோஃப்ளுரேன் மாதிரி இழுக்கற வாயுவும் சக்சினைல்கோலின்ங்கற தசை தளர்த்தற ஊசியும்தான் ஆகாது. நரம்புல போடற மயக்க மருந்து புரோபோஃபால், முதுகுல போடற ஊசி எல்லாம் தாராளமா போடலாம். டெஸ்ட்னா தொடையில ஒரு துண்டு தசை எடுப்பாங்க. பல்லு பிடுங்கப் போனாலும் சொல்லுங்க, வெட்கப்படாதீங்க.

தூங்காதவன்:
நேத்து அம்மாகிட்ட கேட்டேன். தாய்மாமா ஒருத்தர் சின்ன வயசுல 'மயக்கத்துலயே போயிட்டார்'னாங்க. ஹார்ட்னு எழுதிக் கொடுத்தாங்களாம். நான் இன்னும் டெஸ்ட்டுக்குப் போகல.